வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

என் தந்தையார் உயில் எழுதாமல் மறைந்தார். திருச்செங்கோட்டில் அவர் தம் உழைப்பால் கட்டிய வீட்டை விற்க முடிவுசெய்த என் தம்பி, அதில் எனக்குள்ள பங்கை விட்டுத்தருவதாக விடுதலைப் பத்திரம் எழுதி வைத்து, வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்திட வேண்டும் என்றான். அவன் மனைவி தாம்பாளத்தில் பட்டுச்சேலையும் பழமும் பூவும் கொணர்ந்தாள். எங்கள் பக்கத்து உழவர் குடும்பங்களில் சேலையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுவதே வழக்கம். கேள்வி கேட்பது பிறந்த வீட்டை இழிவுபடுத்துவதாகும். நானும் கேட்கவில்லை.

ஆனால் மணவாழ்வு முறிந்து கைக்குழந்தையோடு திரும்பிய என் மகள் என்னுடன் வாடகை வீட்டில் இருந்தாள். எனக்குப் பின் என் ஓய்வூதியமும் நின்றுவிடும். அவளுக்கென ஒரு கூரை வேண்டியிருந்தது.

கல்லூரியில் தமிழ் கற்பித்த காலத்தில், பெண்டிர் சொத்துரிமை குறித்து மாணவியரைக் கட்டுரை எழுதப் பணித்தவள் நான். என் உரிமையை எங்கே சென்று கேட்பது என்பதோ எனக்குத் தெரியவில்லை. உள்ளூர் வழக்குரைஞர் எவரைக் கண்டாலும் செய்தி மாலைக்குள் தம்பியை எட்டும். நீதிமன்ற வளாகத்தில் கட்டணமின்றிச் சட்ட அறிவுரை தரும் அலுவலகம் உண்டென எப்போதோ ஒரு பலகையில் படித்திருந்தேன். நாமக்கல்லில் தெரிந்த முகங்கள் மிகுதி என்பதால் சேலத்துக்குப் பேருந்தேறினேன். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கப் போவதாக மகளிடம் பொய் சொன்னேன்.

முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு அலுவலக விசிப்பலகையின் ஓரத்தில் அமர்ந்தேன். மாதந்தோறும் ஓய்வூதியம் பெறுகிறவள் ஏழையர்க்குரிய இடத்தில் வந்து குந்தியிருக்கிறாளே என்று எல்லோரும் எண்ணுவதாகத் தோன்றியது. அருகில் முந்தானையால் முக்காடிட்டு ஒரு பெண் இருந்தாள். அவள் மடியில் இருந்த மஞ்சள் பை என் மடியில் இருந்ததைப் போன்றதே. இரண்டிலும் என் தம்பி மகனின் திருமண வாழ்த்து அச்சாகியிருந்தது.

"நங்கையா?" என்றாள் அவள். கணவனின் தமக்கையை எங்கள் ஊரில் அவ்வாறே விளிப்பர். எனக்குச் சேலை கொணர்ந்த தம்பி மனைவிதான் அவள்.

இருவரும் நெடுநேரம் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பு மெல்லச் சொன்னாள். எடப்பாடியை அடுத்த அவள் பிறந்த ஊரில் அண்ணன்மார் நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றப்போகிறார்கள். அவளுக்கும் சேலை வந்துவிட்டது. அவளும் வீட்டில் மளிகை என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

"தாம்பாளத்தோட வந்தன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அம்மிணி."

"எப்படீங்க சொல்லறது? உங்க கையெழுத்தும் எங்களுக்கு வேணுமில்லீங்களா?" முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "ஆனா நீங்க போட்டுட்டீங்கன்னா எங்கண்ணன் உங்களையே காட்டிப் பேசுவாருங்க. படிச்ச நங்கையாளே போட்டுட்டாங்க, உனக்கென்ன கொள்ளைன்னு."

என் பெயர் அழைக்கப்பட்டது.

வழக்குரைஞர் இளம்பெண். ஓய்வூதியம் பெறுவதை முதலில் சொன்னேன். குற்றத்தை ஒப்புக்கொள்வது போல்தான் சொன்னேன். பெண்களுக்கு இங்கே வருமான வரம்பு கிடையாது என்றார். உயிலின்றி மறைந்த தந்தையின் சொந்த உழைப்பில் வந்த வீட்டில் மகளுக்கும் மகனுக்கொத்த பங்கு உண்டு. எப்போது மணமானது என்பது பொருட்டில்லை. விருப்பமில்லாத பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். தம்பியை இங்கேயே அழைத்துச் சமரசம் பேசலாம். வழக்கென்று வந்தாலும் கட்டணமின்றி வழக்குரைஞரை அமர்த்தித் தருவார்கள். அவ்வளவையும் அமைதியாகச் சொன்னவர், தாலுகா நீதிமன்றத்திலும் இவ்வுதவி உண்டு, இவ்வளவு தொலைவு வந்திருக்க வேண்டியதில்லையே என்றார். முகம் சுட்டது.

தம்பி மனைவியும் கேட்டுவிட்டு வந்தாள். சொன்ன பொய்க்கு மளிகை காட்ட வேண்டுமே! இருவருமாகச் செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்றோம். தேவையற்ற துவரம்பருப்பை அவள் நிறுக்கச் சொல்லிக்கொண்டிருக்கையில் தம்பி என்னைக் கைப்பேசியில் அழைத்தான். வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாகச் சொன்னான்.

"வண்டி வேண்டாஞ் சாமி. நான் கையெழுத்துப் போடலை. எம்பங்கு எனக்கு வேணும்."

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். சேலம் நீதிமன்றத்தில் காசின்றிச் சொல்லும் இடத்தில் நானே போய்க் கேட்டேன் என்றேன். அங்கே வேறு யாரைக் கண்டேன் என்பதைச் சொல்லவில்லை.

"ஓசியில கேக்கற எடத்துக்கா போனீங்க? மானமே போச்சுங்க்கா."

"ஆமாஞ் சாமி, போயிருச்சு," என்றேன். அவன் இணைப்பைத் துண்டித்தான்.

கடைக்காரர் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார். தம்பி மனைவி தலை நிமிரவில்லை. இப்போதே வீட்டுக்குப் போனால் கணவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று முணுமுணுத்துவிட்டு, உளுந்தும் கொஞ்சம் போடச் சொன்னாள்.