பத்துக் குண்டும் ஒரே இடத்தில்

கல்யாணமான முதல் வருஷம், சித்திரைப் பொருட்காட்சியில் என் கணவர் எனக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்தார். பலூன் சுடுகிற கடை. பின்னால் நின்று என் முழங்கையைத் தூக்கிப் பிடித்து, "பயப்படாத, ஒரு கண்ண மூடிக்கிட்டு வெடுக்குனு இழு" என்றார். வெடுக்கென்று இழுத்தால் குண்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷம் கல்லூரி ரைஃபிள் அணியில் இருந்தவள் நான். வில்லாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு ஓடியவள். காலித் துப்பாக்கியின் குழல்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, காசு விழாமல் ட்ரிகரை அழுத்தப் பழகியவள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் தங்கம் வாங்கியவள்.

அது அவருக்குத் தெரியாது. பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் என் அம்மா பதக்கம், சான்றிதழ் எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டாள். "துப்பாக்கி புடிச்ச புள்ளைன்னா எவன்டி கட்டுவான்? வாயத் தொறந்துராத." நானும் திறக்கவில்லை.

அன்று அவர் மூன்று பலூன் உடைத்திருந்தார். நான் நாலு உடைத்தால் அவர் முகம் வாடிவிடுமே என்று புதுப்பெண்டாட்டிக்குக் கரிசனம். பத்துக் குண்டையும் வேண்டுமென்றே பலகையில் ஒரே இடத்தில் போட்டேன். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

இருபது வருஷமாக அதையே சொல்லிச் சிரித்தார் மனிதர். "மாப்ள, ஒங்கக்கா பத்துக்கு ஒண்ணுகூட அடிக்கல தெரியும்ல?" உண்மை தெரிந்த என் தம்பியும் கூடச் சேர்ந்து சிரித்தான். நான் காபி போடப் போய்விடுவேன்.

இந்தச் சித்திரையில், கல்லூரியில் படிக்கும் என் மகள் ரைஃபிள் அணியில் சேர்வதற்கு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்தாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "ஒங்கம்மா லட்சணம் தெரியும்ல? அந்த ரத்தம்தான ஒனக்கும்" என்று சோபாவில் போட்டுவிட்டுப் போனார். மகள் என்னை முறைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரையும் பொருட்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பலூன் கடையில் என் முதல் குண்டு தவறியது. அவர் சிரித்தார். அந்தத் துப்பாக்கி இடதுபக்கம் இழுக்கிறது என்று அறிய எனக்கு அந்த ஒன்று வேண்டியிருந்தது. மிச்சம் ஒன்பதுக்கும் ஒன்பது பலூன் வெடித்தது.

"அக்கா, போலீஸாக்கா நீங்க?" என்றார் கடைக்காரர்.

"என்னடி இது?" என்றார் என் கணவர். சொன்னேன். தங்கம், பரண், பலகையில் விழுந்த பத்துக் குண்டு, எல்லாவற்றையும் சுற்றி நின்றவர்கள் கேட்கும்படியே சொன்னேன். அவர் முகம் வாடத்தான் செய்தது. வாடட்டும். இந்த முகத்துக்குப் பயந்தா இருபது வருஷத்தைத் தொலைத்தேன்?

மகள் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உடைந்த பலூன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வேணும்னேதான் விட்டியாம்மா?"

"ஆமா."

"அப்பா சொல்லும்போதெல்லாம் நானும் சிரிச்சேனேம்மா. என்னையும் சிரிக்க விட்டுட்டியே."

பைக்குள் வைத்திருந்த பாரத்தை எடுத்து, குண்டு வைத்திருந்த மேசையிலேயே விரித்துக் கையெழுத்துப் போட்டேன். காசு விழாமல் துப்பாக்கி பிடித்த கை. எழுத்து கோணிக்கொண்டு போனது.