அக்கா முகம் போட்ட ஃபிளெக்ஸ்

என் அக்காவின் முகத்தை உடைத்தவன் பேர்கூட எனக்குத் தெரியாது. அவளை அவனுக்கு அடையாளம் காட்டியது யாரென்று தெரியும். அவளுடைய புருஷன், என் மாமா. வேண்டுமென்று செய்யவில்லை, பெருமையில் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை என் கையால் அவருக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்ததில்லை.

அடையாற்றின் கரையில், பாலத்தை ஒட்டினாற்போல் எங்கள் வரிசை. அக்காவும் நானும் அடுத்தடுத்த வீடு. நான் தி.நகரில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்பவள். அவள் அடையாறில் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆற்றைச் சுத்தம் செய்து கரையோரம் நடைபாதை போடுவதற்கு வெளிநாட்டு வங்கி ஒன்று கடன் கொடுத்திருந்தது. நடைபாதை எங்கே வரும்? எங்கள் அடுப்பங்கரை மேலேதான். ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருகிறோம் என்றார்கள். அங்கே போனால் அக்காவுக்கு வேலை போச்சு.

அப்போதுதான் மயிலாப்பூரிலிருந்து வக்கீலம்மா வந்தார். ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருந்தார். கடன் கொடுத்த வங்கியிடமே நேராகப் புகார் கொடுக்கலாம், கொடுத்தால் அவர்கள் ஆள் அனுப்பி விசாரிப்பார்கள், விசாரணை முடியும்வரை வீட்டை இடிக்க முடியாது என்று விளக்கினார். புகாரில் பேரைப் போட யாருக்கும் தைரியமில்லை. மண் வேலை எடுத்திருந்த காண்டிராக்டரின் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"உங்க பேரு வெளில வரவே வராது. என்னை நம்புங்கோ. ரகசியமா வெச்சுண்டுதான் விசாரிப்பா" என்றார் வக்கீலம்மா.

"நா போட்றேன்மா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். அவள் ஒருத்தி பெயரில் புகார் போனது. அவள் பின்வாங்கினால் புகாரும் செத்துப்போகும்.

வங்கியிலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்று பதில் வந்த அன்று எங்கள் வரிசையே குதித்து ஆடியது. இங்கேதான் நீங்கள் எங்கள் ஏரியாவைப் புரிந்துகொள்ள வேண்டும். காதுகுத்து என்றால் ஃபிளெக்ஸ், மஞ்சள் நீராட்டு என்றால் ஃபிளெக்ஸ், செத்தாலும் கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ். ஒரு நல்லது நடந்து அதற்கு ஃபிளெக்ஸ் இல்லையென்றால் நடந்ததாகவே கணக்கில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் தெருமுனை விளக்குக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு அக்கா. ஒரு காதுகுத்தில் மல்லிகைப்பூ வைத்துச் சிரித்த போட்டோ. "வெளிநாட்டு வங்கியை வரவழைத்த ஆற்றோரத்து வீரமங்கை! வாழ்த்தும் உன் அன்புக் கணவர் மற்றும் நண்பர்கள்."

வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். "ஐயோ, உடனே எடுக்கச் சொல்லு" என்று கத்தினார். எடுக்கச் சொல்ல மாமாவைத் தேடினால் ஆள் சவாரிக்குப் போய்விட்டார், ஆட்டோ ஓட்டுகிறவர். நானே ஏணி தேடிக்கொண்டிருந்தபோது தண்ணி லாரி வந்தது. குடங்களோடு எல்லோரும் ஓடினோம். லாரிக்குப் பின்னாலேயே இரண்டு பைக்.

அவர்கள் அவசரப்படவே இல்லை. ஒருத்தன் ஃபிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் வரிசையில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தான். "இவதான்டா" என்றான்.

இரும்புப் பைப்பால் முகத்தில் அடித்தான். சுளீர் என்றுகூடச் சத்தம் வரவில்லை, தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா குடத்தோடு உட்கார்ந்தாள். இன்னொருத்தன் முடியைப் பிடித்துத் தூக்கினான், முதலாமவன் மறுபடி அடித்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த தரையெல்லாம் சிவப்பு. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் குடத்தால் அடித்தவன் மண்டையில் போட்டேன், அவன் திரும்பியதும் கையைக் கவ்வினேன். பல் எலும்பில் பட்டும் விடவில்லை. வாயெல்லாம் ரத்தமும் பான்பராக் நாற்றமும். என் வயிற்றில் உதைத்த பிறகுதான் விட்டேன். பெண்கள் கல்லெடுத்து வீச ஆரம்பித்ததும் பைக்கில் ஏறினார்கள்.

"புகார வாபஸ் வாங்கு. இல்லாங்காட்டி அடுத்த வாட்டி பொணமாத்தான் கெடப்ப" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

கன்ன எலும்பு உடைந்திருந்தது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். கண்ணோரத்திலிருந்து வாய்வரை தையல். ஆஸ்பத்திரிக்கு மாமா ஓடி வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். "யோவ், நீயெல்லாம் ஒரு மனுசனா? பொண்டாட்டிய ஃபிளெக்ஸ் அடிச்சு வித்துட்டியே, பேமானி!" அடித்தேன், நான்கு பேர் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அவர் தடுக்கவில்லை. "நல்லதுதானே நெனச்சேன்" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். தெருவுக்குத் திரும்பி அரிவாள்மனையால் ஃபிளெக்ஸின் கயிறுகளை அறுத்தேன். கீழே விழுந்ததை மாமா சுருட்டி எடுத்துப்போய், ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் கூரைமேல் விரித்துவிட்டார்.

"வாபஸ் வாங்கிடுக்கா. வூடு போனா போவுது, நீ இருந்தா போதும்" என்று நான் காலைப் பிடித்தேன். பேச முடியாத அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை.

விசாரிக்க வந்தவர்களை ஒரு ஓட்டலின் கூட்ட அறையில் சந்தித்தோம். அக்கா முக்காட்டை எடுத்தாள். வந்திருந்த வெள்ளைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். கேட்டுவிட்டுத்தான் போட்டோ எடுத்தார்கள், தையல் தெரியும்படி கிட்டத்தில். அக்கா விளக்கு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக் காட்டினாள். இவ்வளவு அடி வாங்கியது இந்த ஒரு போட்டோவுக்காகத்தான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாதங்கள் கழித்து அறிக்கை வந்தது. வக்கீலம்மாவே வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் காட்டித் தமிழில் படித்துச் சொன்னார். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நடந்த தகராறில் ஒருவருக்குக் காயம், அதற்கும் திட்டத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, பணிகள் தொடரலாம்.

"போட்டோ?" என்றாள் அக்கா. சரியாகக் கூடாத தாடையோடு அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் சிரமம்.

காட்டினார். அக்காவின் புடவை தெரிந்தது, கழுத்து தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் புகை மாதிரி கலைத்துவிட்டிருந்தார்கள்.

"உங்க பாதுகாப்புக்காக" என்றார் வக்கீலம்மா, தரையைப் பார்த்தபடி.

அக்கா வெகுநேரம் திரையைத் தடவிக்கொண்டிருந்தாள். "அடிச்சவன் தேடிக் கண்டுபுடிச்ச மூஞ்சிடி இது" என்று என்னிடம் சொன்னாள். "இவங்க கைல வெச்சிக்கினு அழிச்சிட்டாங்க."

இடிக்க வண்டி வந்த காலையில் அவள் குளியலறைக் கூரைமேல் கிடந்த ஃபிளெக்ஸை உருவச் சொன்னாள். மாமா மறுத்தார். "கட்டுய்யா" என்றாள். அதே கம்பத்தில் கட்டினார். மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போன சிரிப்புக்குக் கீழே, முக்காடில்லாமல், கோணிப்போன முகத்தோடு அக்கா போய் நின்றாள். ஜேசிபி வண்டிக்கு முன்னால் நடந்து வந்தவர்களில் ஒருத்தன் கையில் என் பல் தடம் இருந்தது. அவன் ஃபிளெக்ஸைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லா பாரு நைனா" என்றாள் அக்கா. "இந்த மூஞ்சி நீதான் வரைஞ்சது."

வீடு மதியத்துக்குள் போய்விட்டது. அவள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை, கடைசிச் சுவர் விழும்வரை.