வீட்டுச் சமையலுக்கு ரசீது

எனக்கு நாலு பேர் எதிரில் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மணலி புதுநகர் பக்கம் ஒரு கிடங்குக்குச் சரக்கு இறக்க ஆள் அனுப்பும் காண்டிராக்ட் எடுத்திருக்கிறேன். மற்ற காண்டிராக்ட்காரர்கள் கிடங்கு மேனேஜரை ஓட்டலுக்கு அழைத்துப்போய் விருந்து வைப்பார்கள். எனக்கு அவர் எதிரில் உட்காரவே கூச்சம். சனிக்கிழமைதோறும் காசிமேட்டில் வஞ்சிரமும் நண்டும் வாங்கி, என் மனைவி ஆக்கியதை அவர் ஆபீசுக்கே கேரியரில் கொண்டுபோவேன். பத்துப் பேர் சாப்பாடு. அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசலில் நிற்பேன்.

என் ஆடிட்டர் அதை வரிக் கணக்கில் விருந்துச் செலவு என்று எழுதிவந்தார். இந்த வருடம் வருமான வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. மூன்று வருடச் செலவுக்கும் ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் வரியும் அபராதமும். அதைக் கட்ட என்னிடம் இருந்தது, குடியிருந்த டோல்கேட் வீட்டுக்கு மொத்தமாகக் கொடுத்த லீசுப் பணம் மட்டும்; காலிசெய்தால்தான் அது திரும்பக் கிடைக்கும்.

"வூட்ல ஆக்கினதுக்கு யாருப்பா பில் குடுப்பான்? ஓட்டல்ல வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?" என்றார் ஆடிட்டர். "சாப்ட்டவரு ஒரு லெட்டர் குடுத்தா பேசிப் பாக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை வாசலில் நிற்காமல் உள்ளே போய்க் கேட்டேன். மேனேஜர் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, உன் வூட்டுச் சோத்த நான் எப்ப துன்னேன்? வெளியாள் கையால டீ கூட வாங்கக் கூடாதுன்றது எங்க கம்பெனி ரூல். லெட்டர் குடுத்துட்டு நான் வூட்டுக்குப் போவட்டா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "சரி சார்" என்றேன். அவர் விரலைச் சப்பி முடித்ததும் கேரியரைக் கழுவி எடுத்துவந்தேன்.

வரியையும் அபராதத்தையும் கட்டிவிடுகிறேன் என்று ஆடிட்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். லீசு வீட்டைக் காலிசெய்தோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டும்போதுதான் மனைவி கேட்டாள்.

"அந்த சாரு இன்னாயா சொன்னாரு?"

"அவரு குடுக்கறேன்னுதான் சொன்னாரு. வரி ஆபீஸ்லதான் ஒத்துக்க மாட்டாங்களாம்."

"பாவம், நல்ல மனுசன்" என்றாள்.

இப்போது இருப்பது ஒரே அறை. படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அடுப்பு. காண்டிராக்ட் போய்விடக் கூடாதே என்று இன்றும் மீன் வாங்கித் தருகிறேன். மேனேஜருக்குக் காரம் குறைவாக இருக்க வேண்டுமென்று அவள் தனியாக எடுத்துவைக்கிறாள்.