பொம்மைக்கு நாற்காலி உண்டு

ராஜபாய் கடைக் கண்ணாடிக்கு நேராக நிற்பதில்லை. ஓரடி ஒதுங்கி, கைப்பேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாள். முதுகுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பேருந்து வர வேண்டும். அது நகைக்கடைக் கண்ணாடிக்குள் தொங்கும் ஆரங்களின் மேல் ஏறி ஓட வேண்டும். அந்த நொடியில் விரல் அழுந்தும். தன் முகமோ சேலை நுனியோ படத்தில் விழுந்துவிட்டால், "சீ, கெட்டுப்போச்சு" என்று அப்போதே அழித்துவிடுவாள்.

வயது ஐம்பத்திரண்டு. பாறசாலைக்கு அப்பால் ஓர் உள்கிராமத்திலிருந்து காலை எட்டு மணி பஸ் பிடித்து நெய்யாற்றின்கரை பழைய கடைத்தெருவுக்கு வருகிறாள். அங்கே ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. கடைக்குள் நுழைந்ததும் பெண்கள் எல்லோரும் கைப்பேசியை மேலாளரின் தகரப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாலையில் மூன்று மூன்று பேராக டீ குடிக்க விடும் பத்து நிமிடத்துக்கு மட்டும் அது கைக்குத் திரும்ப வரும்; ராஜபாயின் முறை நாலரைக்கு. மற்றவர்கள் வீட்டுக்குப் பேசுவார்கள். ராஜபாய் டீயை நாலு மடக்கில் விழுங்கிவிட்டுத் தெருவில் இறங்கிவிடுவாள்.

"செல்ஃபியா எக்கா?" என்று யாராவது கேட்டால் போதும், மூக்கு விடைத்துக்கொள்ளும்.

"செல்ஃபி எடுக்க எனக்க மூஞ்சில என்ன பூத்துக் கெடக்கு? கண்ணாடிக்க உள்ள பாரு மக்கா. கடையும் ரோடும் ஒண்ணுக்க மேல ஒண்ணு கெடக்குதா? அதாக்கும்."

மகன் அனில் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய கைப்பேசி அது. ஓரத்தில் விரிசல். அதற்குள் அறுநூறுக்கு மேல் படங்கள். பூவாரிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் ஒருத்தி தலைச்சுமையோடு வைர நெக்லஸ்களுக்கு நடுவே நடந்து போகிறாள். மருந்துக்கடைப் புட்டிகளுக்குள் ஒரு சவ ஊர்வலம். கண்டக்டர் ஒருவர் குழந்தைகளின் கவுன்களுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்து விசில் ஊதுகிறார். கணவர் விஜயதாஸ் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். படங்களைப் பார்த்துவிட்டு, "இதில நீ எங்க?" என்று கேட்டார். "நான் இல்ல. அதுதான் நல்லாருக்கு" என்றாள். அவருக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை.

நகைக்கடைக் காவலாளி ஒருமுறை, படம் எடுக்கக்கூடாது என்று கையை வீசிக்கொண்டு வந்தான். "சேச்சீ, இவிடெ போட்டோ எடுக்கான் பாடில்லா."

"கண்ணாடி ஒங்க மொதலாளிக்கது. செரி. அதில தெரியுத ரோடும் அவருக்கதா? எழுதி வாங்கியிருக்காரா?"

காவலாளி சிரித்துவிட்டான். ராஜபாய் சிரிக்கவில்லை. அவளுடைய கோபங்கள் எல்லாமே இப்படித்தான், வேடிக்கைபோலத் தொடங்கும். ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்பதில்லை.

துணிக்கடையின் காட்சிக் கண்ணாடிக்குள் நாலு பொம்மைகள் உண்டு. மூன்று நிற்கும். நாலாவது பட்டுச்சேலை கட்டி, கால்மேல் கால் போட்டு, பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும். உள்ளே பன்னிரண்டு பெண்கள் காலை ஒன்பதரை முதல் இரவு எட்டு வரை நிற்கிறார்கள். சுவரில் சாயக்கூடாது. கவுண்டரில் முழங்கை ஊன்றக்கூடாது. கேமராவில் பார்த்துக்கொண்டிருக்கும் மேலாளர் சஜின் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அடிக்கடி கழிப்பறைக்குப் போனால் முறைப்பான் என்பதால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. ராஜபாயின் கெண்டைக்காலில் நரம்புகள் நீலக் கயிறுபோல முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. விற்பனைப் பெண்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று கேரளத்தில் சட்டம் வந்து வருடங்கள் ஆயிற்று. அந்தச் சட்டத்தைத் தெருக்கோடி டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோரும் அறிவார்கள்.

"பொம்மைக்கு நாற்காலி உண்டு. அது பதினோரு வருசமா ஒரு சேலைகூட வித்ததில்ல" என்பாள் ராஜபாய்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் ஷெமி விழுந்தாள். இருபத்தெட்டு வயதுப் பெண், சேலைப் பிரிவில் ராஜபாய்க்குப் பக்கத்தில் நிற்பவள். ஒரு கட்டுச் சேலையை மேல் தட்டிலிருந்து இறக்கியவள், அதோடு சேர்ந்து தரையில் சரிந்தாள். நெற்றி கவுண்டர் விளிம்பில் பட்டு வெடித்தது. ராஜபாய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சஜின் வந்து குனிந்து பார்த்தான்.

"காலையில சாப்பிடாம வந்திருப்பா. சேலையில ரெத்தம் பட்டுதா பாருங்க" என்றான்.

அன்று மாலை ராஜபாய் படம் எடுக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு முழுத்தாளில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். பேர் எழுத வேண்டாம் என்று கூட டீக்கு வந்த பெண்கள் கெஞ்சினார்கள். "பேரில்லாத கடுதாசிய எவன் வாசிப்பான்?" என்று சொல்லி, பேரும் வீட்டு முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண், கையில் ஒரு கோப்பு. அன்று காலையிலேயே ஒரு ஆட்டோவில் ஐந்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்து இறங்கியிருந்தன. ராஜபாய் உட்பட ஐந்து பெண்கள் அவற்றில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள், பள்ளிக்கூடப் படத்துக்கு உட்கார்ந்ததுபோல.

"இது ரெண்டு வருசமா உண்டு மேடம்" என்றான் சஜின்.

அதிகாரி ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார். ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி, "உண்டு" என்றாள். ஷெமி நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டாள். அதிகாரியின் பேனா தாளில் இறங்கியது.

"மேடம், எனக்க போன் இவருக்க பெட்டியில இருக்கு. அத ஒண்ணு எடுத்துத் தரச் சொல்லணும்" என்றாள் ராஜபாய்.

"டியூட்டி டைமில போன் தரப்பிடாது" என்றான் சஜின்.

"தொறங்க" என்றார் அதிகாரி.

கடைக்கு நேர் எதிரே மூடிக்கிடக்கும் ஒரு வாட்ச் கடை உண்டு. உள்ளே இருட்டு, ஆகவே அதன் கண்ணாடி அந்தத் தெருவிலேயே தெளிவானது. மழை மூடிய மாலைகளில் துணிக்கடை விளக்குகள் அத்தனையும் அதில் எரியும். கடையின் பேர் தலைகீழாக அல்ல, வலமிடமாகத் தெரியும். அதன் கீழே முழு சேலைப் பிரிவும் தெரியும். ராஜபாய் அந்த வெளிச்சத்துக்காகத்தான் எடுத்தாள், வேறெதற்கும் இல்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று முப்பத்தேழு படங்கள், ஒவ்வொன்றிலும் தேதியும் நேரமும். எல்லாவற்றிலும் கவுண்டருக்குப் பின்னால் பெண்கள் நிற்கிறார்கள். காலைக் காலோடு தேய்த்துக்கொண்டு ஒருத்தி. ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றிக்கொண்டு ஷெமி. ஸ்டூல் ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் பொம்மை மட்டும்.

அதிகாரி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சஜினின் குரல் உயர்ந்தது.

"இது நேரான படமில்ல மேடம். கண்ணாடியில விழுந்ததாக்கும். எழுத்தெல்லாம் மாறிக் கெடக்கு. இடது வலதா இருக்கு, வலது இடதா இருக்கு. இத எப்படி நம்பது?"

ராஜபாய் எழுந்தாள்.

"இடது வலதா மாறும் சாரே. நிக்கது இருக்கதா மாறுமா?"

ஷெமி, "இது இண்ணைக்குக் காலையில வந்த ஸ்டூலாக்கும் மேடம்" என்றாள். "ஓ, இண்ணைக்குத்தான்" என்றாள், முன்பு "உண்டு" என்று சொன்னவளே. அதிகாரி எழுதியிருந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முதலாளிக்கு நோட்டீஸ் போயிற்று. ஸ்டூல்களை எடுக்கக்கூடாது என்று எழுத்தில் உத்தரவும் வந்தது.

எடுக்கவில்லைதான். ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, பில் போடும் இடத்துக்குப் பின்னால் சுவரோரம் சஜின் நிறுத்திவைத்தான். "வேணுங்கிறவங்க எடுத்துக்கிடலாம்" என்று மைக்கில் சொன்னான். சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. "எக்கா, ஸ்டூலில இருந்தா நம்மள கணக்கு வைப்பான்" என்றாள் ஷெமி. "ரோட்டில நிண்ணு இனி படம் எடுத்தா வேல காணாது" என்று சஜின் ராஜபாயைத் தனியாகக் கூப்பிட்டு மிரட்டினான். அன்று நாலரைக்கு அவள் வாட்ச் கடைக்கு எதிரே ஓரடி ஒதுங்கி நின்றாள்.

மூன்றாம் நாள் முன்பகல், பெருங்கடவிளையிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்து அமர்ந்தது. ஷெமி கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. ராஜபாய் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். சஜினைக் கடந்து சுவரோரம் போனாள். புது பிளாஸ்டிக் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு வரமாட்டேன் என்றது. அடி ஸ்டூலின் விளிம்பில் ஒரு பாதத்தை ஊன்றி, நரம்பு புடைத்த காலால் அழுத்தி, மேலே இருந்ததை இரண்டு கையாலும் பிடுங்கினாள். 'டப்' என்ற சத்தத்தில் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதைக் கொண்டுபோய் ஷெமியின் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். திரும்பிப் போய் இன்னொன்றைப் பிடுங்கினாள். கவுண்டருக்குப் பின்னால் போட்டு, சஜினின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, முதல் சேலையை விரித்தாள்.