சுமத்தல் என்றொரு வேர்ச்சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜமுனாமரத்தூரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே தபால் வழியில் மொழியியல் படித்தேன். அன்று மதியம் வேலூரில் தேர்வு. காலை பஸ் அமிர்திக்கு மேலே ஒரு வளைவில் படுத்துவிட்டது. மற்றவர்கள் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நோட்டைப் பிரித்துப் படித்தபடி சாலையில் நடந்துகொண்டே இருந்தேன்.

'பெர்' என்ற வினைவேரைப் படித்துக்கொண்டிருந்தேன். சுமத்தல் என்று பொருள். எந்த ஏட்டிலும் கிடைக்காத சொல். ஐரோப்பிய மொழிகளையும் வடமொழியையும் ஒப்பிட்டு, அவற்றின் மூலமொழியில் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் கணித்தது. வடமொழி வழியாக நமக்கு வந்த பாரமும், தாங்குபவன் என்ற பொருளில் கணவனைக் குறிக்கும் பர்த்தாவும் அதன் வாரிசுகள். சுமப்பதற்கும் பிள்ளை பெறுவதற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் 'பேர்' என்ற ஒரே சொல்லும் அதிலிருந்து வந்ததுதான்.

அப்போது ஒற்றையடிப் பாதையிலிருந்து நான்கு பேர் கழியில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். உள்ளே நிறைமாதப் பெண். கூடவே அவளுடைய அக்கா.

"இன்னா சார், பஸ்ஸு போவாதா?" என்றான் தூக்கி வந்தவர்களில் ஒருவன், அவள் புருஷன்.

"தெரியலைப்பா."

அவர்கள் நிற்காமல் இறங்கினார்கள். நானும் பின்னால் போனேன். அவர்களுக்காக அல்ல, அமிர்தி போனால் வேறு வண்டி கிடைக்கும் என்ற கணக்கில்தான். கொஞ்ச தூரத்தில் ஒருவனுக்குக் கால் பிசகியது.

"பாரம் ஒரு பக்கமா சாயுது சார். கொஞ்சம் தோளு குடுங்க" என்றான் புருஷன்.

கொடுத்தேன். கழி எலும்பில் அழுந்தியது. அவள் முனகும்போதெல்லாம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

"எறக்குங்க, என்னால முடியல" என்றாள் அவள்.

பாறை மறைவில் இறக்கிவிட்டு நாங்கள் முதுகு காட்டி நின்றோம். புருஷன் அழிஞ்சில் இலைகளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். நான் எண்ணிக்கொண்டே அங்குமிங்கும் நடந்தேன், எதை எண்ணுகிறேன் என்று தெரியாமல். பிறகு ஒரு வீறல். "பொட்டப்புள்ள" என்றாள் அக்கா, பாறைக்குப் பின்னாலிருந்து.

பஸ்ஸைச் சரிசெய்துகொண்டு வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டார்கள். தாயையும் பிள்ளையையும் வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தேர்வு மையத்துக்கு ஓடினேன். முக்கால் மணி தாமதம்; உள்ளே விடவில்லை.

சாயங்கால பஸ்வரை போக்கிடமில்லை. ஆஸ்பத்திரிக்கே திரும்பினேன். புருஷன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க சார். நீங்க போன வேல முடிஞ்சுதா?"

"முடியல."

உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடி எழுந்து வராந்தாவில் நடக்க ஆரம்பித்தேன்.