பாலத்தில் ஒரு பலாப்பழம்

பலாப்பழத்தின் மேல் பொறாமைப்பட்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருத்தி. அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தப் பழம் எடையில் என்னைவிடக் கொஞ்சம்தான் குறைவு, மரியாதையில் என்னைவிட நிறையவே அதிகம்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸை ஒட்டி ஒரு பலாமரம் நின்றது. அதன் முதல் பழம் வருடா வருடம் சர்ச்சுக்குத்தான் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள், யாரோ எடுத்துப் போவார்கள், எங்களுக்கு வாசனை மட்டும் மிஞ்சும். நான் தரையில் புரண்டு அழுதும் அப்பா ஒரு வருடம்கூட மசிந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர், அந்த வருடம் முதல் பழத்தை இறக்கிக் கோணியில் போட்டுக் கட்டி, "இது பெரியவளுக்கு" என்றார். கர்த்தருக்குப் போக வேண்டிய பழம் அக்காவுக்கு! அம்மாகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான்கு மாதத்துக்கு முன்னால்தான் நர்ஸ் படிப்புக்கு மெட்ராஸ் போயிருந்தாள். வீட்டில் இருந்தவரை பால் பொங்கவிட்டதற்கும் துணியைக் காயப்போட மறந்ததற்கும் தினமும் திட்டு வாங்கியவள், ரயிலேறிய மறுநாளே தேவதூதியாகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் ஈரலை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே அம்மா, "ஈரல்னா அவளுக்கு நொம்பப் பிடிக்கும்" என்பார். அந்த ஈரல் எனக்கு எப்படி இறங்கும்?

அப்பாவோடு நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கிளம்பியது அக்காவைப் பார்க்க அல்ல. போகவர அப்பா எனக்கே எனக்கு என்ற பேராசைதான். ஆனால் பழமும் கூட வந்தது. மலையிறங்கும் பஸ்ஸில் அது அப்பாவின் கால்களுக்கு நடுவே பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் அவர்மேல் சாயும்போதெல்லாம், "கண்ணு, பழத்த மிதிச்சுப்போடாதே" என்றார்.

எங்கள் மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாது. அந்த நாட்களில் தோட்டத்துப் பாதையில் அப்பா முன்னால் நடப்பார், தோள் துண்டின் நுனியை என் கையில் கொடுத்துவிடுவார். பத்தடிக்கு ஒரு தரம் "கூ" என்பார். நான் "கூ" என்று பதில் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவர் தானாக முதலில் கூவக் கூடாது. வழி தவறிப்போனால் மட்டும்தான் கூவலாம். நான் பிறப்பதற்கு முன்னால் அந்தத் துண்டு நுனி அக்காவின் கையில் இருந்ததாக அம்மா ஒருமுறை சொன்னார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

சேலத்தில் ரயிலேறி மறுநாள் காலை மெட்ராஸில் இறங்கினோம். ஊருக்குள் அலைய வேண்டாம், ஆஸ்பத்திரியிலிருந்து நானே எலெக்ட்ரிக் டிரெயினில் வந்து கடைசிப் பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நிற்கிறேன் என்று அக்கா எழுதியிருந்தாள். அவளுக்கு அரை நாள்தான் லீவு. நாங்களும் மத்தியான ரயிலில் திரும்ப வேண்டும்.

கடைசிப் பிளாட்பாரத்துக்குப் போக, அவ்வளவு பெரிய ஸ்டேஷனுக்கும் ஒரே ஒரு பாலம்தான் இருந்தது. ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் ஒரே படி, அதிலும் பாதியை மீன்கூடைகளும் பார்சல் மூட்டைகளும் பிடித்துக்கொண்டிருந்தன. படி முடிந்து பாலம் திரும்புகிற இடத்தில், ஓர் ஆள் நிற்கவே இடம் போதாத மூலையில், எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று கலர் கலராக விளக்குகளைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அந்தப் பாலத்துக்குப் படம் வரைந்தவர் ஒரு நாளும் பெட்டி படுக்கையோடு அதில் ஏறியிருக்க மாட்டார்.

அப்பா பழத்தைத் தலையில் ஏற்றி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எனக்கென்று ஒரு கை மிச்சமில்லை. "துண்ட உட்றாதே கண்ணு" என்று நுனியை மட்டும் கொடுத்தார். நாங்கள் படியேறி முடிக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு ரயில்கள் ஒரே சமயத்தில் வந்து நின்றன. எதிரும் புதிருமாக ஜனங்கள் பாலத்தில் ஏறினார்கள். யாருடைய முழங்கையோ என் காதில் இடித்தது. அண்ணாந்து பார்த்தேன். அந்த நெரிசலிலும் பழத்தின் மேல் ஒருவர் கையும் படவில்லை. ராஜாவைப் போல மேலே போய்க்கொண்டிருந்தது.

துண்டை விட்டுவிட்டேன். கை நழுவிப்போனது என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் நானேதான் விட்டேன். விட்டுவிட்டு எடை இயந்திரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். பழமா நானா, இன்றைக்குத் தெரிந்துவிடும்.

"கூ" என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடியும், "கூ!"

"இன்னா பெர்சு, பாலத்து மேலயே டிரெயினு வுடுறியா?" என்று யாரோ கேட்க, சுற்றிலும் சிரித்தார்கள். தலைகளுக்கு மேலே பழம் நின்றது. திரும்பியது. கூட்டத்துக்கு எதிராக என் பக்கம் வரத் தொடங்கியது. "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று ஆளாளுக்கு வைதார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மூன்றாவது முறை அப்பா கூவியபோது குரல் பாதியில் உடைந்தது. நான் அப்போதும் பேசாமலிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் கீழேயிருந்து, தூரத்துப் பிளாட்பாரத்திலிருந்து, மெல்லிசாக ஒரு "கூ" வந்தது.

அக்கா! நான் கொடுக்க வேண்டிய பதிலை அவள் கொடுத்துவிட்டாள். என் வயிறு எரிந்த எரிச்சலை இன்றும் மறக்க முடியவில்லை. அதே நொடியில் தலைகளுக்கு மேலிருந்து பழம் காணாமல் போனது. பொத்தென்று ஒரு சத்தம், பிறகு பாலம் முழுவதும் பலாப்பழ வாசனை. பழம் தெரிந்தவரை அப்பா எங்கே என்று எனக்குத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. பயத்தில் பாதியும் பொறாமையில் பாதியுமாகத் தொண்டை கிழியக் கூவினேன்.

இரண்டு கைகள் வந்து என்னைத் தூக்கின. வெறும் கைகள். பிசின் என் தலைமுடியெல்லாம் ஒட்டியது. "எஞ்சாமி, எஞ்சாமி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. பழம் இருந்த இடத்தில் என்னை ஏற்றிக்கொண்டு படியிறங்கினார்.

தண்ணீர்க் குழாய் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். "பழம் போயிருச்சு கண்ணு" என்றார் அப்பா, தப்பு செய்தவர் போல.

"போனாப் போகுதுங்கப்பா. பாப்பா கெடைச்சாளே" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பழத்துக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்றும் நினைத்தேன்.

மத்தியானம் வரை நான் அப்பாவின் மடியைவிட்டு இறங்கவே இல்லை. அக்கா என் முடியிலிருந்த பிசினை இழை இழையாக எடுத்துவிட்டாள், துளியும் வலிக்கவில்லை. பிறகு பேச்சுக்கு நடுவே அப்பாவின் துண்டு நுனியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துவிட்டு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

திரும்பும்போதும் அப்பாவின் தோளில்தான் இருந்தேன். பாலத்தில் பாதி தூரம் வந்ததும் கீழேயிருந்து "கூ" என்று கேட்டது. அப்பா நின்றுவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு "கூ" என்றேன். அவருக்கு இடமே கொடுக்காமல் இன்னொரு தரமும் கூவினேன். பின்னாலிருந்து கூட்டம் தள்ள, அப்பா நடந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெயித்துவிட்டேன் என்ற சந்தோஷம் சேலம் வந்து சேரும்வரை குறையவில்லை. பின்னால் நிற்பவர் தானாக முதலில் கூவினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். மூடுபனி இல்லாத ஊரிலும் அதற்கு அதே அர்த்தம்தான் என்று அன்று தெரியவில்லை.