அண்ணனுக்கு வந்த பசி

எனக்குப் பதினான்கு வயது நடந்தபோது திடீரென்று அடங்காத பசி வந்தது. ஒரு நாள் மத்தியானம் மூன்றாவது களி உருண்டை கேட்டேன். அம்மாவின் கை சட்டியிலேயே நின்றுவிட்டது.

"இன்னுமா பசிக்குது சாமி? தாகமும் எடுக்குதா?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் அண்ணனும் அப்படித்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஆனாலும் எலும்பும் தோலுமாக இளைத்தான். அவன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. சேலத்து டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். சில மாதங்களில் அண்ணன் போய்விட்டான்.

மறுநாள் காலை நான் கொல்லைக்குப் போய்த் திரும்பியதும், தறியில் இருந்த அப்பா எழுந்து அங்கே போனார். வேலியோரம் குந்தி ஈர மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். எறும்பைத்தான் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று முதல் அரை வயிற்றோடு எழுந்துகொண்டேன். அம்மா அதற்கும் பயந்தாள்.

"ஏனுங்க, பையன் சோறே திங்க மாட்டேங்கறானுங்க" என்று அப்பாவிடம் அழுதாள்.

எறும்பு வரவில்லை. அந்த வருஷம் நான் ஒரு சாண் வளர்ந்தேன், உடம்பும் தேறியது. ஆனாலும் எனக்கு இருபது வயதான பிறகும், நான் சாப்பிட உட்கார்ந்தால் அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.